ஆட்டோகேட் வரைபடத்தை அளவு மாறாமல் அச்செடுப்பது: தாளிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

ஆட்டோகேட்டில் படம் போடத் தெரிந்தவர்கள் கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் நிறைய இருக்கிறார்கள். ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்து வரும் பிள்ளைகள் சுவர், கதவு, படிக்கட்டு எல்லாம் மளமளவென்று போட்டுவிடுகிறார்கள். "இதை ஏ2 தாளில் 1:100 ஸ்கேலில் எடுத்துக் கொடு" என்று சொன்னால்தான் கை நின்றுவிடுகிறது. அந்த இடத்துக்கு மட்டும்தான் இந்த வழிகாட்டி.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டுக்குப் பிளான் கொடுத்தோம். கால் இன்ச்சுக்கு ஓர் அடி என்பது ஸ்கேல். மேஸ்திரி தாளில் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பத்தடி ரூம்னு எழுதியிருக்கு, அப்போ ரெண்டரை இன்ச் வரணும்ல? அரை நூலு குறையுதே" என்றார். (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.) பிடிஎஃப்பைக் கடையில் அச்செடுக்கும்போது 'ஃபிட்' என்ற தேர்வு இருந்திருக்கிறது, படம் 97 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. தாளில் அரை நூல் கண்ணுக்கே தெரியாது, ஆனால் தரையில் அது மூன்று அங்குலத்துக்கு மேல். எழுத்தில் போடாமல் விட்ட படிக்கட்டு அகலத்தை அவர்கள் தாளிலிருந்துதான் அளந்து கயிறு பிடித்திருந்தார்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் தெரிந்ததால் பிழைத்தோம்.

அன்றிலிருந்து நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான். ஸ்கேல் என்பது வியூபோர்ட் (போட்ட படத்தைத் தாளில் காட்டும் ஜன்னல்) என்ற ஒரே இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். அதற்கு முன்னாலும் 1:1, பின்னாலும் 1:1. கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த ஒரு விதியைக் காப்பாற்றத்தான்.

0. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

தாளின் அளவு என்ன, யார் கேட்கிறார்கள், அவர்களுக்கு என்ன கோப்பு வேண்டும் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். மேஸ்திரிக்குத் தாள் போதும், ஆன்லைனில் அனுமதிக்குப் போகிறவருக்கு பிடிஎஃப், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு டிடபிள்யூஜி (ஆட்டோகேட் கோப்பு), கதவு செதுக்கும் சிஎன்சி பட்டறைக்கு டிஎக்ஸ்எஃப். நான்கும் வேண்டுமென்றால் நான்கையும் ஒரே நாளில், ஒரே கோப்பிலிருந்து எடுங்கள். இன்றைக்கு பிடிஎஃப்பும் நாளைக்கு டிடபிள்யூஜியும் கொடுத்தால் இடையில் யாராவது ஒரு ஜன்னலை நகர்த்தியிருப்பார்கள்.

உங்கள் அலுவலகத்தின் டைட்டில் பிளாக் (தாளின் ஓரத்தில் பெயர், ஸ்கேல் எழுதும் கட்டம்), பேனா கனம் எழுதிய சிடிபி கோப்பு, படத்தில் பயன்பட்ட ஃபான்ட்டுகள் உங்கள் கணினியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கூடவே ஒரு ஸ்டீல் ஸ்கேல். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், விளிம்பு தேய்ந்திருக்கும்.

1. முதலில் தாள், பிறகுதான் மற்றதெல்லாம்

புதிதாக வருபவர்கள் படம் முழுவதையும் போட்டு முடித்த பிறகு தாளை யோசிக்கிறார்கள். அதனால்தான் எழுத்து சில படங்களில் எறும்பு மாதிரியும் சிலவற்றில் சுவரொட்டி மாதிரியும் வருகிறது. ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

உதாரணத்துக்கு 30-க்கு 60 அடி மனை. 30 அடி என்பது 9144 மில்லிமீட்டர், 60 அடி 18288. ஸ்கேல் 1:100 என்றால் தாளில் அது ஏறத்தாழ 91-க்கு 183 மி.மீ. சுற்றி அளவுக் கோடுகளுக்கும் பெயருக்கும் 50 மி.மீ. சேர்த்தால் ஒரு தளத்துக்கு 140-க்கு 233 தேவை. தரைத்தளம், முதல் தளம், மொட்டைமாடி என்று மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 420 மி.மீ. அகலம் ஆகிறது. ஏ2 தாள் 594-க்கு 420. வலது பக்கம் டைட்டில் பிளாக்குக்கு 120 விட்டாலும் இடம் இருக்கிறது, கீழே முகப்புத் தோற்றமும் வெட்டுத் தோற்றமும் உட்கார்ந்துவிடும். ஆக ஏ2. இதே மனையை 1:50-இல் கேட்டால் எல்லாம் இரண்டு மடங்கு, அப்போது ஏ0 அல்லது இரண்டு மூன்று ஏ1 தாள்கள்.

தாள் அளவுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஏ0 1189-க்கு 841, ஏ1 841-க்கு 594, ஏ2 594-க்கு 420, ஏ3 420-க்கு 297, ஏ4 297-க்கு 210. ஒன்றை இரண்டாக மடித்தால் அடுத்தது. ஏ1 படத்தை ஏ3-க்குச் சுருக்கினால் சரியாகப் பாதி, 1:100 அங்கே 1:200 ஆகிவிடும். "சின்னதா ஒரு காப்பி கொடுங்க" என்று கேட்பவருக்குக் கொடுக்கும்போது ஸ்கேல் எழுத்தை மாற்றாமல் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

2. மாடல் பக்கத்தைச் சுத்தம் செய்யுங்கள்

படம் மாடலில், அதாவது நாம் வரையும் பக்கத்தில், நிஜ அளவில், 1:1-இல் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். ஒரு கதவை எடுத்து 'டிஸ்ட்' கட்டளையில் அகலத்தைப் பாருங்கள். 900 வந்தால் ஒரு யூனிட் ஒரு மில்லிமீட்டர், 0.9 என்றால் மீட்டர், 36 என்றால் அங்குலம், 3 என்றால் அடி. வேறொருவர் போட்ட படத்தில் வேலை செய்யும்போது இந்த ஒரு சோதனை பாதி நாளை மிச்சப்படுத்தும். மூலையில் தெரியும் யூனிட் அமைப்பு பல நேரம் பொய் சொல்லும், கதவு பொய் சொல்லாது.

அப்புறம் 'ஜூம் எக்ஸ்டென்ட்ஸ்' கொடுங்கள். படம் ஒரு புள்ளியாகச் சுருங்கினால் எங்கோ தூரத்தில் ஒரு தொலைந்த கோடோ எழுத்தோ கிடக்கிறது என்று அர்த்தம். தேடிப்பிடித்து அழியுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வியூபோர்ட்டில் படமே தெரியாது. அடுத்து 'ஆடிட்', பிறகு 'பர்ஜ்', பிறகு 'ஓவர்கில்'. ஓவர்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்குகிறது. செய்வதற்கு முன் கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

புல வரைபடத்தைப் படமாக இணைத்து அதன்மேல் எல்லை போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் அந்தப் படம் சரியான அளவில் இருக்கிறதா என்று தாளில் எழுதியிருக்கும் ஒரு நீளமான எல்லைக் கோட்டை வைத்துச் சரிபாருங்கள். 'ஸ்கேல்' கட்டளையில் 'ரெஃபரன்ஸ்' தேர்வு கொடுத்து, கோட்டின் இரு முனைகளையும் தொட்டு, அதன் உண்மையான நீளத்தை எழுதினால் போதும். குட்டைக் கோட்டை எடுக்காதீர்கள், கை சற்று நகர்ந்தாலும் பிழை பெருகிவிடும்.

3. லேஅவுட்டும் பேஜ் செட்டப்பும்

மாடலில் இருந்தே 'விண்டோ' போட்டு, 'ஃபிட் டு பேப்பர்' டிக் செய்து எடுப்பதுதான் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் வழி. பார்க்க அழகாகத்தான் வரும். ஆனால் அந்தத் தாளின் ஸ்கேல் 1:87.3 மாதிரி ஏதோ ஒன்று, யாருக்கும் பயனில்லை. லேஅவுட் தாவலுக்குப் போங்கள், அச்சுத் தாளை அடுக்கும் பக்கம் அதுதான்.

தாவலில் வலது கிளிக், 'பேஜ் செட்டப் மேனேஜர்', 'மாடிஃபை'. இந்த வரிசையில் நிரப்புங்கள்:

முதலில் பிரிண்டர். 'டிடபிள்யூஜி டு பிடிஎஃப்' தேர்ந்தெடுங்கள். கடையில் உள்ள ப்ளாட்டரின் பெயர் உங்கள் கணினியில் இல்லை, இருக்கவும் தேவையில்லை. பிரிண்டரை முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம், தாள் பட்டியல் பிரிண்டரைப் பொறுத்தே வரும். பின்னால் பிரிண்டரை மாற்றினால் நீங்கள் வைத்த தாள் வேறொன்றாக மாறிவிடலாம்.

அடுத்து தாள். 'ஐஎஸ்ஓ ஃபுல் பிளீட்' என்று தொடங்குபவற்றில் உங்கள் அளவு. ஒவ்வொன்றும் இரண்டு முறை இருக்கும், 594-க்கு 420 ஒன்று, 420-க்கு 594 ஒன்று. படுக்கை வாட்டத்துக்கு முதலாவது. தவறானதை எடுத்துவிட்டு 'லேண்ட்ஸ்கேப்' பொத்தானைத் திருப்பித் திருப்பி அழுத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'பிளாட் ஏரியா' என்பதில் 'லேஅவுட்'. ஸ்கேல் 1:1, பக்கத்தில் 'மிமீ' என்று இருக்க வேண்டும். அங்கே இன்ச் என்று இருந்தால் ஒரு யூனிட் ஒரு அங்குலமாகி, டைட்டில் பிளாக்கின் மூலை மட்டும் தாள் முழுக்க வரும்.

கடைசியில் சிடிபி, அதற்குப் பக்கத்திலேயே 'டிஸ்ப்ளே பிளாட் ஸ்டைல்ஸ்' டிக். இது திரையிலேயே அச்சு எப்படி வரும் என்று காட்டும்.

எல்லாம் முடிந்ததும் இந்த அமைப்புக்கு 'ஏ2 பிடிஎஃப் கறுப்பு' என்பது மாதிரி ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். அடுத்த லேஅவுட்டுக்கு அதையே இழுத்துக்கொள்ளலாம். பேஜ் செட்டப்பைத் தொடாமல் நேராக 'பிளாட்' சாளரத்தில் மாற்றுபவர்கள், பிரிவியூ பார்த்துவிட்டு மூடும் முன் 'அப்ளை டு லேஅவுட்' அழுத்த மறந்துவிடுகிறார்கள். மாற்றியதெல்லாம் போய்விடும், மறுபடி முதலில் இருந்து.

4. வியூபோர்ட்: ஸ்கேல் குடியிருக்கும் இடம்

இந்தப் படியில்தான் நின்று நிதானமாக வேலை செய்ய வேண்டும்.

வியூபோர்ட்டுக்கு என்று ஒரு தனி லேயர் போட்டு, அதன் அச்சு அடையாளத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வியூபோர்ட்டின் சட்டம் தாளில் ஒரு பெட்டியாக விழும். 'டெஃப்பாயின்ட்ஸ்' லேயரில் போட்டாலும் அச்சில் வராது என்று சிலர் அதையே பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. நாளைக்கு யாராவது தெரியாமல் ஒரு சுவரையும் அந்த லேயரில் போட்டுவிட்டால், திரையில் இருக்கும் சுவர் தாளில் இருக்காது.

'எம்வியூ' கொடுத்து ஒரு செவ்வகம் வரையுங்கள். உள்ளே படம் தெரியும். செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்து 'பிராப்பர்ட்டீஸ்' பலகையில் 'கஸ்டம் ஸ்கேல்' என்ற இடத்தில் எண்ணை எழுத வேண்டும். என்ன எண் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கணக்கு இதுதான்: உங்கள் ஒரு யூனிட்டில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, அதை ஸ்கேலால் வகுத்துவிடுங்கள். தாள் மில்லிமீட்டரில் இருப்பதால் இந்த வகுத்தல் எப்போதும் பொருந்தும்.

1:100-க்கு: யூனிட் மில்லிமீட்டர் என்றால் 1-ஐ 100-ஆல் வகுத்து 0.01. மீட்டர் என்றால் 1000-ஐ 100-ஆல் வகுத்து 10. அங்குலம் என்றால் 25.4-ஐ 100-ஆல் வகுத்து 0.254. அடி என்றால் 304.8-ஐ 100-ஆல் வகுத்து 3.048.

மேஸ்திரிகள் விரும்பும் கால் இன்ச் ஸ்கேல் என்பது 1:48. அடியில் போட்ட படத்துக்கு 304.8-ஐ 48-ஆல் வகுத்தால் 6.35, அங்குலத்தில் போட்டதற்கு 0.529167. கீழே உள்ள ஸ்கேல் பட்டியலில் '1:100' என்று இருப்பதை அழுத்தினால் போதாதா என்று கேட்பார்கள். யூனிட்டும் தாளும் இரண்டுமே மில்லிமீட்டர் என்றால் மட்டும் போதும். அங்குலத்தில் போட்ட படத்துக்கு அதை அழுத்தினால் படம் 25.4 மடங்கு சின்னதாக, ஒரு தபால்தலை அளவுக்கு உட்கார்ந்திருக்கும்.

ஸ்கேல் வைத்ததும் அதே பலகையில் 'டிஸ்ப்ளே லாக்ட்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். வியூபோர்ட்டுக்குள் இரட்டைக் கிளிக் செய்து ஒரு எழுத்தைத் திருத்தும்போது மவுஸ் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் போதும், ஸ்கேல் 0.254 என்பது 0.2713 மாதிரி ஏதோ ஒன்றாகிவிடும். திரையில் வித்தியாசமே தெரியாது. நான் அலுவலகத்தில் யாருடைய படத்தைச் சரிபார்த்தாலும் முதலில் பார்ப்பது இந்தப் பூட்டைத்தான்.

பிறகு தாளில் ஒரு அளவுப்பட்டை வரையுங்கள், அதாவது 0, 1, 2, 5 மீட்டர் என்று கோடு கோடாகப் பிரித்த பட்டை. அச்சு எங்கே சுருங்கினாலும் பட்டையும் கூடவே சுருங்கும், அதனால் அளப்பவர் ஏமாறமாட்டார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாள் ஈரம் குடித்து லேசாக நீளும், அப்போதும் இது உதவும். எங்கள் அறையில் பட்டை இல்லாமல் ஒரு தாளும் வெளியே போவதில்லை.

5. பேனா கனம்

'மோனோக்ரோம்' சிடிபி எல்லாவற்றையும் கறுப்பாக்கும். ஆனால் அது 1 முதல் 255 வரை எண்ணுள்ள நிறங்களுக்குத்தான் வேலை செய்யும். ட்ரூ கலர் பலகையில் இருந்து எடுத்த நிறத்தை அது தொடாது. கறுப்புத் தாளில் ஒரு பூச்செடி மட்டும் பச்சையாக வந்தால் காரணம் இதுதான், அந்த லேயரின் நிறத்தை எண் நிறமாக மாற்றுங்கள்.

கனம் எவ்வளவு? 1:100-க்கு நான் வைப்பது: வெட்டுப்பட்ட சுவர் 0.5 அல்லது 0.35, கதவு ஜன்னல் 0.25, அளவுக் கோடு 0.18, ஹேச் (நிரப்புக் கோடுகள்) 0.13. எல்லாம் ஒரே கனமாக இருந்தால் எது சுவர், எது டைல்ஸ் கோடு என்று தளத்தில் வெயிலில் நின்று பார்ப்பவருக்குப் பிரியாது. பழைய கட்டடத்தை விட்டுவைத்துப் புதிதாக இழுத்துக் கட்டும் படம் என்றால், பழையதற்கு ஒரு நிறம் ஒதுக்கி, சிடிபியில் 'ஸ்க்ரீனிங்' 50 வைத்தால் சாம்பலாக வரும். தாள் பின்னால் ஏ3-க்குச் சுருங்கும் என்று தெரிந்தால் 0.13-க்குக் கீழே போகாதீர்கள், ஜெராக்ஸில் அந்தக் கோடு காணாமல் போய்விடும்.

சிடிபி பட்டியலில் உங்கள் கோப்பு தெரியவில்லை, எல்லாம் எஸ்டிபி (நிறத்துக்குப் பதிலாகப் பெயரை வைத்துக் கனம் சொல்லும் கோப்பு) என்றே இருக்கிறது என்றால், அந்தப் படம் வேறு முறையில் தொடங்கப்பட்டது. 'கன்வர்ட் பி ஸ்டைல்ஸ்' கட்டளை மாற்றிக் கொடுக்கும்.

6. புள்ளிக்கோடு, ஹேச், தமிழ் எழுத்து

புள்ளிக்கோடு தாளில் முழுக்கோடாக வருகிறதா? லேஅவுட்டில் 'பிஎஸ்எல்டிஸ்கேல்' 1, 'எல்டிஸ்கேல்' 1 வைத்து 'ரீஜென்' கொடுங்கள். அப்படியும் வராவிட்டால் கோட்டு வகை அங்குலக் கோப்பிலிருந்து ஏற்றப்பட்டிருக்கும், அதில் ஒரு கீற்று கால் யூனிட்தான், தாளில் கால் மில்லிமீட்டர். 'அகேட் ஐஎஸ்ஓ' கோப்பிலிருந்து மறுபடி ஏற்றுங்கள், பிறகு எல்டிஸ்கேலை 0.5 வரை குறைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நிறைத்த ஹேச் எழுத்தை மூடினால் 'ஹேச் டு பேக்', அதன்பின் 'டெக்ஸ்ட் டு ஃப்ரண்ட்'.

எழுத்து உயரத்தைத் தாளில் நினையுங்கள். தாளில் 2.5 மி.மீ. வேண்டுமென்றால், மில்லிமீட்டரில் போட்ட மாடலில் 1:100-க்கு 250. அறைப் பெயருக்கு 3, தலைப்புக்கு 5. 2-க்குக் கீழே வேண்டாம்.

தமிழ் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆட்டோகேட்டின் எஸ்எச்எக்ஸ் ஃபான்ட்டில் தமிழ் கிடையாது, அங்கே ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் வரும். 'டெக்ஸ்ட் ஸ்டைல்' புதிதாக ஒன்று போட்டு லதா அல்லது நிர்மலா மாதிரி யூனிகோடு ட்ரூடைப் ஃபான்ட் கொடுங்கள். பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அடித்த கிராமப் பெயரும் உரிமையாளர் பெயரும் இன்னொரு கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். பிடிஎஃப் எடுத்த பிறகு பெயர்களை ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று. பெயர் தப்பாகப் போனால் வீட்டுக்காரர் மனசு வருத்தப்படும், அதைவிட, தாளும் பத்திரமும் ஒத்துப்போகாமல் அலைய வேண்டியிருக்கும்.

7. பிடிஎஃப் எடுப்பது

'பிளாட்' கொடுத்து முதலில் 'பிரிவியூ'. நான்கு மூலைகளையும் பாருங்கள், பார்டர் கோடு நான்கு பக்கமும் இருக்கிறதா என்று. பிறகு எடுங்கள்.

'பிடிஎஃப் ஆப்ஷன்ஸ்' என்ற பொத்தான் இருக்கிறது, அதைத் திறக்காமலே பல வருடம் வேலை செய்பவர்கள் உண்டு. அதில் 'இன்க்ளூட் லேயர் இன்ஃபர்மேஷன்' என்பதை வெளியாளுக்குக் கொடுக்கும்போது எடுத்துவிடுகிறேன், அவர் லேயரை அணைத்துப் பார்த்துவிட்டு "பிளம்பிங் காணோமே" என்று கூப்பிடுவார். தமிழ் எழுத்து சிக்கல் செய்தால் 'கன்வர்ட் ஆல் டெக்ஸ்ட் டு ஜாமெட்ரி' போடுங்கள், எழுத்தெல்லாம் கோடாகிவிடும், எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி. பிடிஎஃப்பில் எழுத்தைத் தேட முடியாது, அவ்வளவுதான்.

பிடிஎஃப்பைத் திறந்தால் ஒவ்வொரு எழுத்தின் மேலும் மஞ்சளாகக் குறிப்புப் பெட்டி வருகிறதா? எஸ்எச்எக்ஸ் எழுத்துகளைக் கமென்ட்டாகப் பதிவதால் வருவது. கட்டளை வரியில் 'பிடிஎஃப்' என்றும் அதோடு ஒட்டி 'எஸ்எச்எக்ஸ்' என்றும் ஆங்கிலத்தில் அடித்து 0 கொடுத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

'பிளாட் டிரான்ஸ்பரன்சி' டிக் தேவையில்லாமல் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்போது கோடுகள் படமாக மாறுவதால் நேரமும் கோப்பின் எடையும் கூடும். எடுக்கும்போது 'கோப்பை எழுத முடியவில்லை' என்று வந்தால் பழைய பிடிஎஃப் வேறு சாளரத்தில் திறந்திருக்கும், மூடிவிட்டு எடுங்கள்.

பத்துத் தாள் என்றால் ஒவ்வொன்றாக எடுக்காமல் 'பப்ளிஷ்'. அதில் மாடல் தாவல்களும் சேர்ந்து பட்டியலில் வந்து நிற்கும், அவற்றை நீக்கி, வரிசையைச் சரிசெய்து, ஒரே பிடிஎஃப்பாக எடுங்கள்.

8. கடையில் அச்செடுப்பது

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். திரையைப் படம் பிடித்து போட்டோவாக அனுப்பினால் கோடு குழம்பும், அளவும் போய்விடும்.

கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: "ஆக்சுவல் சைஸ்". ஃபிட் வேண்டாம், ஷ்ரிங்க் வேண்டாம். ஏ2, ஏ1 என்றால் 24 இன்ச் ரோலில் எடுக்கலாம், அதன் அகலம் 610 மி.மீ., ஏ1-இன் 594 அதில் அடங்கும். ஏ0-க்கு 36 இன்ச் ரோல், 914 மி.மீ. வேண்டும். போகும் முன் எந்த ரோல் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.

முதல் தாள் வந்ததும், மற்றதை எடுக்கச் சொல்லும் முன், கவுன்ட்டரிலேயே ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். அளவுப்பட்டையில் 5 மீட்டர் 1:100-இல் 50 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிட, தாளின் நீளமான அளவு ஒன்றை எடுங்கள்: 60 அடி மனை 182.9 மி.மீ. 177 வந்தால் அதுதான் அந்த 97 சதவீதம். சின்ன அளவில் இந்தப் பிழை மறைந்துகொள்ளும், பெரிய அளவில் காட்டிக்கொடுத்துவிடும்.

9. வாய்க்கால் நீள்வெட்டு: இரண்டு ஸ்கேல் உள்ள படம்

டெல்டாவில் இது தனியாகச் சொல்ல வேண்டிய வேலை. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் தூர்வாரும் வேலைகள் நடக்கும் மாதங்களில் எங்களைப் போன்றவர்களிடம் வீட்டுப் பிளானைவிட வாய்க்கால் படம்தான் அதிகம் வரும்.

நம் மண் தட்டையானது. 1200 மீட்டர் நீள வாய்க்காலில் படுகை 5000-க்கு 1 என்று இறங்குகிறது என்று வையுங்கள். மொத்த இறக்கம் 24 சென்டிமீட்டர். நீளம் தாளில் அடங்க 1:2000 வைத்தால் 600 மி.மீ., ஏ1 தாளில் நன்றாக உட்காரும். ஆனால் அதே ஸ்கேலில் அந்த 24 செ.மீ. இறக்கம் தாளில் 0.12 மி.மீ. அது ஒரு கோட்டின் கனம்கூட இல்லை. எனவே உயரத்துக்கு மட்டும் 1:100. இப்போது இறக்கம் 2.4 மி.மீ., கண்ணுக்குத் தெரியும். வாய்க்காலின் தலைப்பில் இருந்து கடைமடை வரை தண்ணீர் எங்கே நிற்கும் என்று படத்தில் பார்க்க முடிவது இதனால்தான்.

எப்படிப் போடுவது: மாடலில் 1:1 என்ற விதிக்கு இந்தப் படத்தின் உயரம் மட்டும் விலக்கு. யூனிட் மீட்டர். குறுக்கே செயினேஜ் (தொடக்கத்திலிருந்து அளந்த தூரம்) அப்படியே, 30 மீட்டருக்கு ஒரு நிலை. உயரத்தில், ஒவ்வொரு மட்டத்திலிருந்தும் நீங்கள் தேர்ந்த அடிமட்டத்தைக் கழித்து, 20-ஆல் பெருக்குங்கள். 2000-ஐ 100-ஆல் வகுத்தால் வருவதுதான் இந்த 20. வியூபோர்ட் ஸ்கேல் 1000-ஐ 2000-ஆல் வகுத்து 0.5. சரிபார்க்க: ஒரு மீட்டர் உயரம் மாடலில் 20 யூனிட், தாளில் 10 மி.மீ., அதாவது 1:100. சரி.

இல்லாவிட்டால் நிஜ அளவில் போட்டு, பிளாக் ஆக்கி, நுழைக்கும்போது ஒய் ஸ்கேலை 20 கொடுக்கலாம். எழுத்தை மட்டும் பிளாக்குக்குள் வைக்காதீர்கள், எழுத்தும் தென்னைமரம் மாதிரி நீண்டுவிடும்.

இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. நிமிர்ந்த அளவுக்கு 'டிம்' கட்டளை போட்டால் 20 மடங்கு எண் வரும். கரை உயரம் ஒன்றரை மீட்டர் என்ற இடத்தில் 30 என்று எழுதியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன், நல்லவேளை, தாள் போகும் முன். உயரங்களை மட்டமாகவே கீழே அட்டவணையில் எழுதுங்கள். நிலைக்கு நிலை தாளில் 15 மி.மீ. இடம் இருக்கும், 2 மி.மீ. எழுத்தை நிமிர்த்தி எழுதினால் படுகை மட்டம், கரை மட்டம், தூர்வார வேண்டிய ஆழம் என்று வரிசைவரிசையாக வைக்கலாம். மதகு, படித்துறை, குறுக்கே போகும் பாலம் எல்லாம் அந்தந்தச் செயினேஜில் பெயரோடு.

குறுக்குவெட்டு தனி வியூபோர்ட்டில், இரண்டு பக்கமும் 1:100. டைட்டிலில் "கிடை 1:2000, நிலை 1:100" என்று இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் அளப்பவர் தப்பாக அளப்பார்.

10. கோப்பாகக் கொடுப்பது

டிடபிள்யூஜி கொடுக்கும்போது வெறும் கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். எக்ஸ்ரெஃப் (இணைத்த வேறு வரைபடங்கள்), படங்கள், ஃபான்ட், சிடிபி எதுவும் கூடப் போகாது, அங்கே திறந்தால் பாதி படம்தான் இருக்கும். 'ஈடிரான்ஸ்மிட்' எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஜிப்பாகக் கட்டிக் கொடுக்கும். அமைப்பில் ஃபான்ட்டையும் சேர்க்கச் சொல்லும் டிக்கைப் பாருங்கள். வாங்குபவரிடம் பழைய பதிப்பு இருக்கிறதா என்று கேட்டு, சந்தேகமாக இருந்தால் 2010 அல்லது 2007 வடிவத்தில் சேமித்துக் கொடுங்கள்.

சிஎன்சி பட்டறைக்கு டிஎக்ஸ்எஃப் வேறு கதை. பூஜையறைக் கதவு, கேட், ஜாலி என்று இப்போது நிறையப் போகிறது. அங்கே இயந்திரம் கோட்டின் மேலேயே நடக்கிறது, அதனால் ஒரே இடத்தில் இரண்டு கோடு இருந்தால் இரண்டு முறை வெட்டும். ஓவர்கில் கட்டாயம். மூடிய வடிவம் ஒவ்வொன்றும் ஒரே பாலிலைனாக இருக்கட்டும், 'பிஎடிட்' கொடுத்து 'ஜாயின்' செய்யுங்கள், முனைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் 'ஃபஸ் டிஸ்டன்ஸ்' கொஞ்சம் கொடுங்கள். எழுத்தை 'டெக்ஸ்ட் எக்ஸ்ப்ளோட்' செய்து கோடாக்குங்கள். அளவுக் கோடு, ஹேச், டைட்டில் எதுவும் வேண்டாம்.

பட்டறையில் பழைய மென்பொருள் என்றால் ஆர்12 டிஎக்ஸ்எஃப் கேட்பார்கள். அதில் யூனிட் மில்லிமீட்டரா அங்குலமா என்ற தகவல் போகாது. ஆகவே ஓரத்தில் 100-க்கு 100 மி.மீ. சதுரம் ஒன்று போட்டு, "இது 100 மி.மீ. வருகிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள், சதுரத்தை வெட்ட வேண்டாம்" என்று செய்தியிலும் எழுதி அனுப்புங்கள். அனுப்பிவிட்டு போனிலும் ஒருமுறை சொல்லுங்கள். தேக்குப் பலகையில் கத்தி இறங்கிய பிறகு திருத்த வழியில்லை.